பெரியப்பாவின் டூல் பாக்ஸில் ஒரு கண்ணாடிக் குழாய் மீட்டர்: இது எந்த வேலைக்கு?

ராயபுரம்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா வண்ணாரப்பேட்டையில் கார் மெக்கானிக் ஷாப் வைத்திருந்தார். சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் அங்கே ஓடிய ஹெரால்டு, ஃபியட் வண்டிகள் சிலவற்றுக்கு இன்ஜின் வேலை பார்த்தவர். அவர் தவறிய பிறகு பூட்டியே கிடந்த மரப்பெட்டியை இப்போதுதான் திறந்தோம். ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ், டைமிங் லைட் எல்லாம் பார்த்ததும் தெரிகிறது. இரண்டு சாமான் மட்டும் எனக்கும் புரியவில்லை, தெருமுனை மெக்கானிக்குக்கும் புரியவில்லை.

முதலாவது, உள்ளங்கைக்குள் அடங்குகிற அலுமினிய வார்ப்பு. அடிப்பக்கம் வட்டமாக அகன்று திறந்திருக்கிறது. நடுவில் ஒரு மரையாணி, அதில் ஒரு வட்டத் தட்டு. தட்டைத் திருகினால் மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. பக்கத்தில் ஒல்லியான கண்ணாடிக் குழாய், அதற்குள் குட்டியாக ஒரு சிவப்பு மிதவை. குழாயில் எண் எதுவும் இல்லை. வார்ப்பில் பெயர் இருந்திருக்கிறது, தேய்ந்துபோய் கடைசியில் ‘சின்’ என்பது மட்டும் தெரிகிறது.

இரண்டாவது, விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய உலோகக் கம்பி. ஒரு முனை கூம்பலாகக் கடைந்திருக்கிறது. மறுமுனைப் பக்கம் ஒரு வெட்டு. ‘டி-109’ என்று தொடங்கும் எண் குத்தியிருக்கிறது. யாராவது பார்த்திருக்கிறீர்களா?

வேதியியல் வாத்தியார்:
குழாயும் மிதவையும் என்றால் ரோட்டாமீட்டர் போலத் தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் சிலிண்டர் மேலே இருக்குமே, அந்த வகை. ஆனால் எண்ணே இல்லாத ரோட்டாமீட்டரை நான் பார்த்ததில்லை. எவ்வளவு வாயு போகிறது என்று படிக்கத்தானே அது இருக்கிறது? அலகு இல்லாமல் என்ன செய்வது?

மதுரை டேப்பெட்:
பெயிண்ட் ஸ்ப்ரே கன்னோடு வரும் ஏர் ரெகுலேட்டராக இருக்குமோ? தம்பி, ஒரு சோதனை செய்து பாருங்கள். அடிப்பக்கத்தில் வாயை வைத்து மூச்சை உள்ளே இழுங்கள். மிதவை என்ன செய்கிறது?

ராயபுரம்காரன்:
செய்து பார்த்தேன் ஐயா. உள்ளே இழுத்தால் மிதவை மேலே ஏறுகிறது, நிறுத்தியதும் விழுந்துவிடுகிறது. தட்டை நன்றாகக் கீழே இறக்கி இடைவெளியைக் குறைத்துவிட்டு இழுத்தால் ரொம்பச் சுலபமாக ஏறுகிறது. தட்டை மேலே தூக்கிவிட்டால் மிதவை அசையக்கூட இல்லை.

எஸ்யூ கோவை:
அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம். இது யூனி-சின். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குள் அனுப்புவது கார்புரேட்டர். ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர் உள்ள இன்ஜினில் எல்லா கார்புரேட்டரும் சமமாகக் காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்கும் கருவி. அமெரிக்காவில் எடல்பிராக் கம்பெனி இதை நெடுங்காலம் விற்றது. அங்கே செவர்லே கார்வேர் வைத்திருப்பவர்கள் ஷெட்டில் இது கட்டாயம் இருக்கும், ஏனென்றால் அந்த ஆறு சிலிண்டர் இன்ஜினில் இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு கார்புரேட்டர், 1965-இல் வந்த 140 குதிரைசக்தி மாடலில் நான்கு. இங்கிலாந்து வண்டிகளில் எம்ஜி, டிரையம்ஃப், ஜாகுவார் என்று எஸ்யூ என்ற பிராண்டு கார்புரேட்டர் ஜோடியாக வந்தவற்றுக்கெல்லாம் பயன்படும்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் வாயில் இதை அழுத்திப் பிடித்தால், இன்ஜின் இழுக்கிற காற்று முழுவதும் அந்தத் தட்டைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். இடுக்கில் காற்று வேகமெடுக்கும், வேகமெடுத்தால் அங்கே அழுத்தம் குறையும். கண்ணாடிக் குழாயின் ஒரு முனை அந்த அழுத்தம் குறைந்த இடத்தோடு சேர்ந்திருக்கிறது, மறுமுனை வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது. அதனால் மிதவை ஏறுகிறது. தட்டைக் கீழே இறக்கினால் இடுக்கு குறுகும், மிதவை உயரும். நீங்கள் வாயால் இழுத்துப் பார்த்தபோது நடந்தது இதுதான்.

வாத்தியார் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. இது எவ்வளவு காற்று என்று சொல்வதற்கான கருவியே இல்லை. முதல் கார்புரேட்டரில் வைத்து, மிதவை குழாயின் நடுவில் நிற்கும்படி தட்டைத் திருகிக்கொள்கிறோம். அப்புறம் தட்டைத் தொடாமல் இரண்டாவதில் வைக்கிறோம். அங்கேயும் மிதவை அதே உயரத்தில் நின்றால் இரண்டும் சமம். தராசில் இரண்டு தட்டும் நேராக நின்றால் போதும் என்பது போலத்தான், எடை எத்தனை கிராம் என்பது இங்கே தேவையே இல்லை. அதனால்தான் குழாயில் எண் இல்லை.

சோழவரம் என்று நீங்கள் சொன்னது இன்னொரு காரணத்தால் பொருந்துகிறது. பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்த ஹெரால்டும் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் ஒரே இன்ஜின் குடும்பம். ஸ்பிட்ஃபயருக்கு 1147 சிசி, இரட்டை எஸ்யூ. நம் ஹெரால்டுக்கு சாதாரணமாக ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டர். ரேஸுக்குத் தயார் செய்பவர் கைக்கு ஸ்பிட்ஃபயரின் மேனிஃபோல்டு (கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் குழாய்) கிடைத்தால் இரட்டை எஸ்யூ ஏற்றுவது சுலபம். ஏற்றியவருக்கு அடுத்து தேவைப்படுவது இந்தக் கருவிதான்.

நுங்கம்பாக்கம் ஹெரால்டு:
சோழவரம் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன், இளைஞர்களுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தபிறகு ரேஸ் அங்கே மாறிவிட்டது. கரிவர்தன் போன்ற ஓட்டுநர்களின் பெயராவது எங்காவது பதிவாகியிருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு டியூன் செய்தவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. ராயபுரம்காரன், அந்தப் பெட்டியில் நோட்டுப் புத்தகம், ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு எது கிடைத்தாலும் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மீட்டரைவிட அதுதான் பெரிய சொத்து.

சேலம் அம்பாசடர்:
என்னிடம் எஸ்யூ போட்ட பழைய அம்பாசடர் மார்க் 2 இருக்கிறது. ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓடும்போது, நடுங்குகிறது. இந்த மீட்டரை வைத்து அதைச் சரிசெய்ய முடியுமா?

எஸ்யூ கோவை:
முடியாது. உங்கள் வண்டியில் இருப்பது ஒரே கார்புரேட்டர், ஒப்பிட்டுப் பார்க்க ஜோடி இல்லை. நடுக்கத்துக்கு முதலில் டேப்பெட், பிளக், பாயிண்ட், டைமிங் பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தால் மிக்ஸர், அதாவது காற்றும் பெட்ரோலும் கலக்கிற அளவு, பாருங்கள். எஸ்யூவுக்குள் காற்று வழியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பிஸ்டன் உண்டு, பக்கத்தில் அதைத் தூக்குவதற்கு ஒரு சின்ன பின் இருக்கும். இன்ஜின் சூடாகி ஸ்லோவில் ஓடும்போது அதை மெதுவாக அழுத்தி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. லேசாகக் கூடி, பழைய வேகத்துக்கே வந்துவிட்டால் சரியாக இருக்கிறது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

ராயபுரம்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. பெரியப்பா கையில் இதை நான் பார்த்ததே இல்லை. தெரிந்த ஒருவரிடம் இரட்டை எஸ்யூ போட்ட எம்ஜி இருக்கிறது, கொண்டு வந்து பார்க்கச் சொல்கிறார். எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுத முடியுமா? குழாய் உடைந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

எஸ்யூ கோவை:
எழுதுகிறேன். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் வரிசைதான்.

இன்ஜின் மற்ற எல்லா விதத்திலும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவாகவோ ஒரு வால்வு இறுக்கமாகவோ இருந்தால், அந்தப் பக்கத்துக் கார்புரேட்டர் குறைவாகக் காற்று இழுப்பது அதன் குற்றம் இல்லை. நீங்கள் ஸ்க்ரூவைத் திருகி அதைச் சமமாக்கினால் நோயை மூடி வைத்த மாதிரிதான். டேப்பெட், பாயிண்ட், டைமிங் முடித்துவிட்டுத்தான் கார்புரேட்டர் பக்கம் வரவேண்டும்.

இரண்டு டாஷ்பாட்டிலும் (எஸ்யூ பிஸ்டனுக்கு மேலே உள்ள ஆயில் கிண்ணம்) ஆயில் இருக்கிறதா பாருங்கள். 20 கிரேடு இன்ஜின் ஆயில் போதும். பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டக்’ என்று சத்தத்தோடு விழவேண்டும். மந்தமாக இறங்கினால் பிஸ்டனின் அடியில் உள்ள நீடில் ஜெட்டில் உரசுகிறது என்று அர்த்தம், ஜெட்டை மையப்படுத்தாமல் மேலே போகாதீர்கள்.

அப்புறம் இரண்டு த்ராட்டில் (ஆக்ஸிலேட்டர் திறந்து மூடும் தகடு) தண்டையும் இணைக்கும் கிளாம்பைத் தளர்த்துங்கள். இதை மறந்துவிட்டால் ஒரு பக்கம் திருகுவது மறுபக்கத்தையும் இழுத்துக்கொண்டு போகும், நாள் முழுக்கத் திருகினாலும் சமம் வராது. சோக் கம்பி இணைப்பையும் தளர்த்திவிடுங்கள். இரண்டு ஸ்லோ ஸ்க்ரூவும் லேசாகத் தொடும் வரை விட்டு, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று உள்ளே திருகுங்கள். ஜெட்டை ஏற்றி இறக்கும் நட்டை மேலே முட்டும் வரை ஏற்றி, பன்னிரண்டு பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். இது ஆரம்ப நிலை மட்டும்தான்.

வண்டியை நன்றாகச் சூடாக்குங்கள். இப்போது யூனி-சின். தட்டை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு முதல் கார்புரேட்டர் வாயில் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் அழுத்துங்கள். கண்ணாடிக் குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் மிதவை சுவரில் உரசி பொய் சொல்லும். எஸ்யூ பக்கவாட்டில் வாய் வைத்தது என்பதால் இதில் கவனம் தேவை. தட்டை மெல்ல மெல்ல இறக்கி மிதவையை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். எடுத்துவிடுங்கள். இன்ஜின் பழைய நிலைக்கு வந்ததும் இரண்டாவதில் வையுங்கள். மிதவை தாழ்ந்து நின்றால் அந்தப் பக்கத்து ஸ்லோ ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகுங்கள், உயர்ந்து நின்றால் வெளியே. மொத்த ஸ்லோ கூடிப்போனால் இரண்டையும் ஒரே அளவு குறையுங்கள். சமமானதும் மிக்ஸர், மேலே சொன்ன பின் முறையில் ஒவ்வொன்றாக. மிக்ஸர் மாறினால் வேகம் மாறும், ஆகவே மறுபடி ஒருமுறை காற்றைப் பாருங்கள்.

கடைசியில் கிளாம்பை இறுக்கியபிறகு ஆக்ஸிலேட்டர் கேபிளால் இன்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 1500 சுற்றுக்குக் கொண்டுபோய் மறுபடி இரண்டையும் ஒப்பிடுங்கள். என் கணக்கில் இந்தக் கருவியின் முழு மதிப்பும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஸ்லோவில் சமமாக இருக்கிற வண்டி பல, ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் ஒரு த்ராட்டில் முதலில் திறந்து மற்றொன்று பின்னால் வரும். சாலையில் நாம் ஸ்லோவில் ஓட்டுவதில்லையே.

மதுரை டேப்பெட்:
எல்லாம் சரி தம்பி, ஆனால் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. நான் கற்றுக்கொண்ட ஷாப்பில் முழ நீளத்துக்கு ரப்பர் டியூப் ஒன்று இருக்கும். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சத்தம் இரண்டிலும் ஒரே சுருதியில் வரும் வரை திருகுவோம். எஜமான் செட் செய்த வண்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இந்த யூனி-சின்னைக் கார்புரேட்டர் வாயில் வைத்தாலே இன்ஜின் மூச்சுத் திணறுகிறது, ஸ்லோ இறங்குகிறது. அளக்க வைத்த கருவியே அளவை மாற்றினால் அதை எப்படி நம்புவது?

எஸ்யூ கோவை:
ஐயா, நீங்கள் சொல்வது உண்மை. காற்று வழியை இது அடைக்கத்தான் செய்கிறது. வாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் இறங்கும், ஆனால் கார்புரேட்டரின் பெட்ரோல் தொட்டிக்கு வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கும். அதனால் பெட்ரோல் கூடுதலாகத் தள்ளப்படும், மிக்ஸர் கெட்டியாகும், இன்ஜின் திணறும். இதனால்தான் தட்டை முடிந்தவரை திறந்து வைத்து, ஓரிரு வினாடிகளில் படித்துவிட்டு எடுக்கச் சொல்கிறேன். பிடித்துக்கொண்டே ஸ்க்ரூவைத் திருகக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு அடைப்பு, ஒரே அளவு நேரம் என்றால் ஒப்பீடு பழுதாகாது.

ஜெர்மனியில் செய்கிற சின்க்ரோமீட்டர் இந்த விஷயத்தில் மேல். முள்ளும் டயலும் வைத்தது, மணிக்கு எத்தனை கிலோ காற்று என்று எண்ணாகவே காட்டும், அடைப்பும் குறைவு. வெபர் இரட்டைவாய் கார்புரேட்டர் வைத்திருப்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள், நான்கு வாயையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

டியூப் முறையை நான் குறை சொல்லவே மாட்டேன். ஸ்லோவில் அது அருமையாக வேலை செய்யும். டியூப் முனையை இரண்டு வாயிலும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். 1500 சுற்றில் ஃபேன் சத்தமும் டேப்பெட் சத்தமும் சேரும்போது காதால் பிரித்தறிய நல்ல பழக்கம் வேண்டும். உங்கள் எஜமானுக்கு அது இருந்திருக்கிறது. புதிதாகக் கற்பவருக்குக் கண்ணால் பார்க்கிற மிதவை உதவும்.

மதுரை டேப்பெட்:
அந்த வேகத்தில் காது பத்தாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்று சொல்கிறேன், இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். த்ராட்டில் தண்டு தேய்ந்த வண்டியில் டியூபும் பயன்படாது, மீட்டரும் பயன்படாது. தண்டு ஓரத்தில் புகுகிற காற்று வாய் வழியாக வருவதில்லை. மிதவை இரண்டிலும் சமமாக நிற்கும், ஒரு பக்கம் மட்டும் திருட்டுக் காற்று குடித்துக்கொண்டிருக்கும். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கைக்குத் தெரிந்தால் முதலில் புஷ் (தண்டு சுழலும் உறை) மாற்ற வேண்டும். பழைய எஸ்யூவில் நூற்றுக்குப் பாதிப் பிரச்சினை இதுதான் என்பது என் அனுபவம்.

எஸ்யூ கோவை:
இந்த இழையிலேயே மிக முக்கியமான பதிவு இது. நன்றி ஐயா.

ஆர்டி திருச்சி:
ராஜ்தூத் 350-இல் இரண்டு மிக்குனி கார்புரேட்டர். இதற்கு யூனி-சின் ஒத்துவருமா? இல்லை மெர்க்குரி கேஜ் வாங்கலாமா? ஆன்லைனில் பழைய செட் ஒன்று வருகிறது.

குன்னூர் மலைப்பாதை:
மெர்க்குரி வேண்டாம் தம்பி. ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் பாதரசம் இன்ஜினுக்குள் இழுபட்டுப்போகும், கொட்டினால் ஷெட்டுக்குள் நஞ்சு. ராஜ்தூத்துக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. இன்ஜினை நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றி, இரண்டு ஸ்லைடுக்கு (கார்புரேட்டர் வாயில் ஏறி இறங்கும் அடைப்பு) அடியிலும் ஒரே அளவு டிரில் பிட்டின் வழவழப்பான முனையை வையுங்கள். இரண்டும் ஒரே பிடியில் இருக்கும்படி ஸ்க்ரூவை வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஸ்லைடின் மேலும் ஒரு விரல் வைத்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாக முறுக்குங்கள். இரண்டும் ஒரே கணத்தில் எழும்ப வேண்டும். முந்துகிற பக்கத்துக் கேபிள் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். ஆயில் பம்ப் கேபிளும் இதே இழுப்பில்தான் ஓடுகிறது, அதன் குறியையும் பார்த்துவிடுங்கள். விட்டுவிட்டால் பிஸ்டன் பிடித்துவிடும்.

அப்புறம் ராயபுரம்காரன், உங்கள் இரண்டாவது சாமானைப் பற்றி யாரும் பேசவில்லையே. ‘டி-109’ என்பது கார்ட்டர் கம்பெனி தன் கார்புரேட்டர் அட்ஜஸ்ட் செய்யும் கேஜுகளுக்கு வைத்த எண் வரிசை. அந்தக் கம்பி மீட்டரிங் ராடு கேஜாகத்தான் இருக்க வேண்டும். வில்லிஸ் ஜீப்பில் வந்த கார்ட்டர் டபிள்யூஓ கார்புரேட்டர் எங்கள் எஸ்டேட் பக்கம் நிறைய ஓடியது. அதில் ஜெட்டுக்குள் ஒரு படிப்படியான ராடு ஏறி இறங்கி, எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிக்கும். ராடைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் இந்தக் கேஜைக் கூம்பு முனை ஜெட்டில் உட்காரும்படி நிறுத்த வேண்டும். த்ராட்டில் முழுக்க மூடியிருக்க, ராடு தொங்குகிற பின் கேஜின் வெட்டில் உரசாமல், அதேநேரம் ஐந்து ‘தௌ’வுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) மேல் இடைவெளி இல்லாமல் நிற்க வேண்டும். இல்லையென்றால் இணைப்பை வளைத்துச் சரிசெய்வார்கள். ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் கேஜின் நீளம் வேறு, அதனால் 109-க்குப் பின்னால் வருகிற எண் எது என்று சொன்னால் எந்த மாடலுக்கு என்று தேடலாம்.

யாழ் மைனர்:
வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து. எங்கட பக்கம் மொரிஸ் மைனர் இன்னும் ஓடுது, அதில் ஒற்றை எஸ்யூ. பொருளாதாரத் தடை இருந்த 90-களில் வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. எஸ்யூவில் ஜெட்டை நட்டால் ஏற்றி இறக்கலாம் என்பது அந்த நாளில் பெரிய உதவி. இதை எழுதக் காரணம், அப்படி ஓடின கார்புரேட்டர்களில் பிஸ்டன், டாஷ்பாட் உட்புறம் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். பழைய எஸ்யூ வாங்கிப் பூட்டுகிற ஆக்கள் முதலில் அதைத் துடையுங்கோ. உரமான (சொரசொரப்பான) தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, அந்த இடைவெளியை நம்பித்தான் கார்புரேட்டரே வேலை செய்யுது.

ராயபுரம்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கம்பியின் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ‘டி-109-26’. நுங்கம்பாக்கம் அண்ணா கேட்ட மாதிரி பெட்டியின் அடியில் பழைய டைரி ஒன்று இருக்கிறது, ஜெட், பிளக் கேப், டைமிங் என்று வண்டி வாரியாக எழுதியிருக்கிறார். ஸ்கேன் செய்து போடுகிறேன்.

மீட்டரைத் துடைக்கும்போது குழாயின் மேல்நுனியில் சின்ன விரிசல் தெரிந்தது. மாற்ற முடியுமா? தின்னர் போட்டுக் கழுவலாமா?

குன்னூர் மலைப்பாதை:
26 என்றால் ஜீப்பின் டபிள்யூஓ-வுக்கானதுதான். வில்லிஸ் வைத்திருப்பவர்கள் இதைத் தேடி அலைகிறார்கள், பத்திரம்.

எஸ்யூ கோவை:
தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம், மிதவை பிளாஸ்டிக்காக இருந்தால் ஊதிப்போய் உள்ளே இறுகிவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும், நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் மிதவை ஒட்டிக்கொள்ளும்.

விரிசல் வழியாகக் காற்று புகுந்தால் மிதவை சரியாக ஏறாது, அதனால் குழாயை மாற்றிவிடுவது நல்லது. அதே உள்விட்டத்தில் கண்ணாடிக் குழாய் லேப் சாமான் கடையில் கிடைக்கும், நீளம் அளந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். விட்டம் அதிகமானால் மிதவையைச் சுற்றிக் காற்று ஓடிவிடும், குறைந்தால் சிக்கும். பழைய மிதவை உதவாமல் போனாலும் கவலை வேண்டாம், அதைவிட லேசான எதையாவது கடைந்து போடலாம். இரண்டு கார்புரேட்டரையும் ஒரே மிதவையால்தானே பார்க்கப் போகிறோம், மூல எடை இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை. பழைய குழாயைக் கழற்றும்போது இரண்டு முனையிலும் இருக்கிற வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள்.